சிவப்புத் தேருக்குச் சீட்டு பூட்டிய படலம்

வாழ்க என்று தொடங்குவதுதான் முறை. பாட்டுடைத் தலைவர் இப்போது உலகில் இல்லாதபடியால், அவர் புகழ் வாழ்க என்று திருத்திக்கொண்டு தொடங்குகிறேன்.

வெட்டுக்கத்தி ஏந்திய வலக்கையும் பசை உலராத இடக்கையும் உடையவர்; ஆம்பூர் ஷூ தொழிற்சாலையில் கட்டிங் பகுதிக்கு மேற்பார்வையாளர்; ஒரு முழுத்தோலை மேசைமேல் விரித்த மாத்திரத்தில் எங்கே உண்ணி கடித்தது, எங்கே முள்வேலி கீறியது, எங்கே வைத்தியன் சூடு போட்டான் என்று அந்த மாட்டின் வாழ்க்கை வரலாற்றையே படித்துவிடும் கூர்விழியாளர்; சட்டைப் பையில் அளவு நாடாவும் நெஞ்சுப் பையில் அடங்காத வேகமும் கொண்ட நந்தகோபால் என்னும் என் வீட்டுக்காரரின் புகழ் வாழ்க! தண்ணீரே இல்லாமல் ஆறு என்ற பட்டத்தை இன்றுவரை விடாமல் வைத்திருக்கும் பாலாறே, பெரிய பொருள் எதுவும் இல்லாமல் காவியம் பாடத் துணிந்த எனக்கு நீதான் துணை.

தலைவரின் தேரைச் சொல்வேன். அது சிவப்பு. சீமையில் பிறந்து, கப்பலில் வளர்ந்து, மடங்கும் கூரையும் தவளை போன்ற இரு விளக்குகளும் தாங்கி, இரண்டே இரண்டு பேருக்கு மட்டும் இடம் தரும் கண்டிப்பு உடையது. பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப் முதலாளி ஒருவரிடம் அது நெடுங்காலம் இருந்தது. அவருடைய வயிறு ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்ட நாளில் அவர் அதைத் துறந்தார். தம் தேரை முதன்முதலில் எங்கள் தெருவுக்குள் ஓட்டிவந்த அன்று தலைவர் ஊதிய ஹாரனுக்கு, ரயில்வே கேட்டுக்கு அப்பாலிருந்த எருமைகளும் தலைநிமிர்ந்து நின்றன.

ஆனால் அத்தேரினுள் பகைவன் ஒருவன் ஒளிந்திருந்தான். பழைய இருக்கையின் தேங்காய் நாருக்கு அடியில், துருவே கவசமாக, வளைந்த முனையே வாளாக, யாரேனும் வந்து அமர்வார்களா என்று ஆண்டாண்டுக் காலம் தவமிருந்த சுருள்கம்பி அவன். எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதத்தில், குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு மாம்பழ நிறப் பட்டுடுத்தி அந்தத் தேரில் போனேன். கல்யாண வீட்டு வாசலில், நாதஸ்வரம் முழங்க, பெண்வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒருங்கே திரும்பிப் பார்க்க, நான் இறங்கினேன். என் புடவை இறங்கவில்லை.

அன்று வீடு திரும்பியதும் நான் முழங்கிய வஞ்சினம் இது:

"இனிமே இந்த வண்டில ஏறுனா என்னை ஏன்னு கேளுங்க. தோல் லோடு ஏத்தின லாரில குந்தினு வர்றேன். இதுல மாத்திரம் வரமாட்டேன்."

அதைச் செவியுற்ற தலைவர், வாசலில் நின்ற செந்தேரைத் தொட்டு எதிர்வஞ்சினம் கூறினார்:

"நீயா வந்து இதுல உக்கார்ற வரைக்கும் இந்த மூஞ்சில பிளேடு படாது பங்கஜம்!"

இவ்வாறு போர் மூண்டது. இரண்டு பேருக்கென்றே செய்த வண்டியில் ஒருவராய்ப் போவதன் வருத்தம் அவர் முகத்தில் வளர்ந்தது. கூடவே தாடியும் வளர்ந்தது. நான் அமர வேண்டிய இடத்தில் டிபன் கேரியர் அமர்ந்து தொழிற்சாலைக்குப் போய்வந்தது. திருப்பதிக்கு வேண்டுதலா என்று கேட்டவர்களிடம், "இல்ல, வீட்டம்மாவுக்கு" என்று மறைக்காமல் சொன்னார். அவர் கேட்டது ராஜ்ஜியம் அல்ல. பக்கத்தில் நான் உட்கார்ந்து வர வேண்டும், அவ்வளவே.

அந்நிலையில், நெடுஞ்சாலையோரம் லாரிகளைப் பழுது பார்க்கும் அவருடைய உயிர்த்தோழர் அப்துல் ஹமீத், மதராசில் பழைய மோட்டார் சாமான்கள் விற்கும் கடைகளின் இருள்வனத்துள் புகுந்து, பந்தயக் கார்களுக்கென்று செய்த ஃபைபர் சீட்டுகள் இரண்டைச் சிறைமீட்டு வந்தார். வளைவில் வண்டி சாயும்போது ஓட்டுபவர் சரியாதபடி இடுப்பையும் தோளையும் இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் வடிவம் அவற்றுக்கு. மேலே மெத்தையும் இல்லை, உறையும் இல்லை. வாசலில் இறக்கி வைத்தபோது, பக்கத்து வீட்டு அமிர்தவள்ளி எட்டிப் பார்த்து, "இன்னா பங்கஜம், குழந்தைய குளிப்பாட்டுற தொட்டியா?" என்று கேட்டாள். வீரர்கள் இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, புங்க மரத்து நிழலில், பழைய இருக்கைகளைப் பிடித்திருந்த போல்ட்டுகளின்மேல் படையெடுப்பு தொடங்கியது. சீமைக்காரன் போல்ட்டை இஞ்சுக் கணக்கில் செய்திருந்தான். ஹமீத் பாயின் ஸ்பேனர்களோ மில்லிமீட்டர் குலத்தில் உதித்தவை. ஆகவே ஒவ்வொரு திருகலிலும் ஸ்பேனர் வழுக்க, வழுக்கிய வேகத்தில் முட்டி தகரத்தில் மோத, மோதிய முட்டியை வாயில் வைத்துக்கொண்டு தலைவர் சபையில் சொல்லத்தகாத சொற்களைச் சொல்ல, அமிர்தவள்ளி தன் வீட்டுச் சன்னலைச் சாத்தினாள். கெரசின் ஊற்றினார்கள். சுத்தியலால் தட்டினார்கள். முன்னே நின்ற போல்ட்டுகள் ஒவ்வொன்றாய்ச் சரணடைந்தன. கடைசி போல்ட் மட்டும், அரசன் வீழ்ந்தபின்னும் கோட்டையை விடாத காவலன் போல, துருப்பிடித்து, தலை மழுங்கி, அசையாமல் நின்றது.

அதனை வெல்லும் பொருட்டு நந்தகோபால் தலைகீழாகத் தேரினுள் புகுந்தார். தலை பெடல்களுக்கு அடியில்; கால்கள் கதவுக்கு வெளியே வானத்தை நோக்கி. சாலையில் போனவர்கள் நின்று அந்தக் கால்களைப் பார்த்தார்கள். வெல்டிங் கேஸ் குழாய் ஏந்திய ஹமீத் பாய் மறுபுறமிருந்து போல்ட்டைக் காய்ச்சினார்.

"தோஸ்த், தாடி ஜாக்கிரதை! பக்கத்துல நெருப்பு கீது!"

"தாடி போனா போகட்டும்யா. நீ காய்ச்சு!"

உளி விழுந்தது, சுத்தியல் விழுந்தது, போல்ட்டும் விழுந்தது. பழைய இருக்கை பேரோசையுடன் பெயர்ந்து வந்தது. வளைந்த முனையில் மாம்பழ நிறப் பட்டிழை ஒன்றைச் சுமந்தபடி, பகைவனாகிய சுருள்கம்பி வெயிலுக்கு வந்தான். தலைவர் அந்த இழையை உருவிச் சட்டைப் பையில், அளவு நாடாவோடு வைத்துக்கொண்டார். சமையலறைச் சன்னலில் நின்று இதைக் கண்டேன். காணாதவளைப் போல் குழம்பைக் கிளறினேன்.

இனித்தான் காவியத்தின் நடுப்பகுதி. சீட்டுக்கு உறை போடுவது எவ்வாறு? வேறு ஊராராக இருந்தால் தையற்காரரிடம் கொடுத்திருப்பார்கள். ஆம்பூர்க்காரரின் அறிவு ஷூவின் வழியாக மட்டுமே நடக்கும். ஷூ செய்யும்போது, கால் வடிவில் ஒரு மரக்கட்டையை வைத்து, நனைத்த தோலை அதன்மேல் இறுக்கி இழுத்து, சொல்யூஷன் தடவி ஒட்டி, காயவிடுவார்கள். காய்ந்த தோல் கட்டையின் வடிவத்தை மறக்காது. அந்தக் கட்டைக்கு லாஸ்ட் என்று பெயர். தலைவர் தாடியை நீவிக்கொண்டு சிந்தித்து, பின்வருமாறு அறிவித்தார்:

"சீட்டுன்றது இன்னா? இடுப்புக்குப் போடுற ஷூ! ஈரத் தோலை இழுத்து ஒட்டிட்டு, காயற வரைக்கும் ஆள் உக்காரணும். ஆள்தான் லாஸ்ட்!"

"வாஹ்!" என்றார் ஹமீத் பாய்.

கருஞ்சிவப்புச் சாயமேற்றிய மாட்டுத்தோல் இரண்டு நனைந்தன. சீட்டில் புதிதாக ஒட்டிய ரப்பர் மெத்தைக்கு மேல் அவை இழுபட்டன. குத்தூசி பாய்ந்தது; மெழுகு நூல் தொடர்ந்தது. உச்சி வெயிலுக்குள், ஈரம் சொட்டச் சொட்ட, இரு சீட்டுகளும் தேரினுள் பூட்டப்பட்டு மின்னின. தலைவர் வலப்பக்கத்துச் சீட்டில் தம் இடுப்பை ஆகுதியாக இட்டார். இடப்பக்கம் காலியாக இருந்தது. அவர் வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சன்னலில் நான் இருந்தேன், அசையவில்லை. பெருமூச்சு ஒன்று தாடியை விலக்கிக்கொண்டு வெளிவந்தது.

"நீ வா தோஸ்த். யாராவது உக்கார்ந்தாத்தான் ஷேப் வரும்."

ஹமீத் பாய் நல்லவர். நண்பருக்காக எதையும் செய்பவர். ஆனால் அவருடைய பின்புறம், பத்துச் சக்கர லாரியின் பின்புறத்தோடு பழகிப் பழகி அதனோடு ஒத்த பரப்பை அடைந்திருந்தது. அவர் வேட்டியை மடித்துக்கட்டி, "பிஸ்மில்லா" என்று இடச்சீட்டில் இறங்கியபோது ஈரத்தோல் முனகியது.

சன்னலில் நின்ற எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று. காய்ந்த தோல் மறக்காது. அந்த வண்டி உள்ளவரை, என்றேனும் நான் மனமிரங்கி அமர்ந்தாலும், ஹமீத் பாயின் இடுப்புக்குள்தான் அமர்வேன். என் வஞ்சினம் ஒரு தட்டிலும் அந்த இடுப்பு மறுதட்டிலும் ஏறின. தராசு ஆடவே இல்லை. ஒரே அடியாய்ச் சாய்ந்தது. அடுப்பை அணைத்தேன். கரண்டியைக் கீழே வைக்க மறந்து, அதையே செங்கோலாய் ஏந்தி வாசலுக்கு வந்தேன்.

"பாய், எழுந்திருங்க."

"இன்னா பாபி?" அவருக்கு நான் அண்ணி முறை.

"எழுந்திருங்கன்றேன். அது என் சீட்டு."

ஹமீத் பாய் எழுந்தார். அவ்வளவு விரைவாக அவர் எழுந்து எவரும் கண்டதில்லை. நான் அமர்ந்தேன். குளிர்ந்த ஈரம் புடவையைக் கடந்து எலும்பைத் தொட்டது. சீட்டின் இரு காதுகளும் இருபுறமும் அணைத்தன. தலைவர் நேராக ரோட்டைப் பார்த்தபடி, ஓடாத வண்டியின் ஸ்டியரிங்கை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, காவியம் முழுவதும் சுமந்த கேள்வியைக் கேட்டார்.

"எங்கியாவது குத்துதா?"

"இல்ல."

"நிஜமா?"

"குத்தல. தாடிதான் பாக்க பேஜாரா இருக்குது."

பிற்பகல் முழுவதும் அசையாத தேரில் அருகருகே அமர்ந்திருந்தோம். அமிர்தவள்ளி சன்னலை மீண்டும் திறந்து, "எங்க பயணம்?" என்றாள். "காட்பாடி வரைக்கும்," என்றேன். "வரும்போது பூ வாங்கினு வா," என்றாள். தண்டவாளத்தில் பெங்களூர் ரயில் போனபோது தரை அதிர்ந்து, வண்டியும் நடுங்கிற்று. நிஜமாகவே நகர்வது போல இருந்தது. தலைவர் அனிச்சையாக கியரை மாற்றினார்.

வெயில் சாயும் நேரத்தில், புங்கமரத்து வேரில் அமர்ந்திருந்த ஹமீத் பாய், ஓர் உண்மையை வெளியிட்டார்:

"தோஸ்த், ஷூவுல லாஸ்ட் தோலுக்கு உள்ள இருக்கும். வெளிய காத்து படும், காயும். இங்க லாஸ்டு தோலுக்கு மேலயே குந்தினு இருக்குது. காத்து எப்டி படும்? நீங்க எழுந்தாத்தான் காயும்."

இத்தனை ஆண்டுத் தொழிலில் இந்தச் சிறிய விஷயம் தமக்கு ஏன் தோன்றவில்லை என்று தலைவர் வெட்கியிருக்க வேண்டும். அவரோ வெட்கவில்லை. வெட்டுக்கத்தி வேந்தர் வானத்தைப் பார்த்து முழங்கினார்:

"காயும்போது காயட்டும்யா!"

"இன்னா அவசரம் பாய்," என்றேன் நானும்.

இருட்டுவதற்குள் எழுந்தோம். கருஞ்சிவப்புச் சாயம் முழுவதும் எங்கள் பின்புறங்களில் குடியேறியிருந்தது. அவருடைய வெள்ளை வேட்டியில் முழுநிலவு போல் ஒன்றும் என் புடவையில் அதனினும் சற்றுப் பெரியதாய் ஒன்றும் இருந்தன. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு ஹமீத் பாய் சிரித்தார். ஒரு புடவை கிழிந்ததால் மூண்ட போர், இன்னொரு புடவை பாழானதில் முடிந்தது. அதற்காக யாரும் வஞ்சினம் கூறவில்லை. விளக்கு வைத்ததும் தலைவர் கிணற்றடியில் கண்ணாடியை மாட்டி ஷேவ் செய்துகொண்டார்.

நாங்கள் இறங்கிய பிறகு, ஹமீத் பாய் சொன்னபடியே, தோல் தன் போக்கில் காய்ந்தது. எங்களை மறக்கவில்லை. அடுத்த ஞாயிறு முதல், வேலூர், காட்பாடி, ஏலகிரி மலையடிவாரம் என்று திசைதோறும் அந்தத் தேர் இருவரையும் சுமந்தது. புதுச் சீட்டு பழையதைவிட உயரம் ஆகையால், முன்கண்ணாடிக்கு மேல் நீண்டிருந்த எங்கள் இரு தலைகளும் வழியெல்லாம் பூச்சிகளை வரவேற்றன. வாயை மூடிக்கொண்டு வரும்படி அவர் சொல்வார். நான் மூடியதில்லை.

பின்னாளில் வண்டியைக் கொண்டுபோக வந்தவர் சீட்டுகளையும் கேட்டார். வண்டியை மட்டும் கொடுத்தேன். செங்கொற்றத் தேரின் அரியணைகள் இரண்டும் இன்று மரச்சட்டத்தின்மேல், என் வீட்டுக் கூடத்தில், பழைய வரிசையிலேயே வீற்றிருக்கின்றன. இடப்பக்கத்தில் அமர்ந்துதான் இதை எழுதுகிறேன்; எங்கும் குத்தவில்லை. வலப்பக்கத்து அரியணையோ, தன் வேந்தரின் இடுப்பன்றி வேறோர் இடுப்பை ஏற்பதில்லை என்ற விரதம் பூண்டு, வருகிற விருந்தினர் எல்லாரையும் இருபுறமும் நெருக்கி, முதுகில் இடித்து, ஒரு வாய் காபி முடிவதற்குள் எழுப்பிவிடுகிறது.

மத்தியானத்தில் அதில் பூனை தூங்குகிறது.