திருப்பி அனுப்புகிறவர்கள்

பிறர் எடுத்த முடிவில் தலையிடவே தலையிடாத ஓர் இனம் உண்டு. அவர்களிடம்தான் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். "முடிவு உன்னோடது. அதை எப்படி எடுத்தேன்னு மட்டும்தான் கேக்கறேன்" என்று மெதுவாக ஆரம்பிப்பார்கள்.

இந்த இனத்தைப் பார்க்க நான் எங்கும் போக வேண்டியதில்லை. வீட்டுக் கண்ணாடி போதும். எட்டாவதோடு பள்ளியை விட்ட நான், உயர் நீதிமன்றத்தில் வழக்குக் கட்டுகளைத் தைத்து, மேசையில் வைத்துவிட்டுக் கதவோரம் நிற்கிறவள். பதினெட்டு வருடமாக அங்கே வாய் திறந்ததில்லை. காது மட்டும் திறந்திருந்தது. அரசு அதிகாரி ஒருவரின் உத்தரவை எதிர்த்து வழக்கு வந்தால், அவருக்கு அதிகாரம் இருந்ததா, பாதிக்கப்படுகிறவரைக் கேட்டாரா, பார்க்க வேண்டியதைப் பார்த்தாரா, இவ்வளவுதான் அங்கே கேள்வி. அவர் நாற்காலியில் நான் போய் உட்கார முடியாது என்பார் நீதிபதி. தவறு இருந்தால் உத்தரவை ரத்து செய்து, மறுபடி யோசிக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவார்.

எவ்வளவு அடக்கம்! அதை அப்படியே வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

நாத்தனார் ஜன்னலுக்குப் பச்சைத் திரை வாங்கினால், பச்சை நன்றாயில்லை என்று சொல்வேனா? சேச்சே. வேறு நிறம் பார்த்தீர்களா என்று கேட்பேன். பார்க்கவில்லை என்றால் கடைக்குத் திருப்பி அனுப்புவேன். நீலம் வரும்வரை திருப்பி அனுப்புவேன்.

போன வாரம் மகளுக்கு வெளியூர் மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. சம்மதத்தை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். இரண்டு மணிக்கு, "போறேன்மா" என்றாள்.

"அப்பாவைக் கேட்டியா?"

கேட்டு வந்தாள். "போன்னுட்டார்."

"காரணம் சொன்னாரா? காரணம் இல்லாத உத்தரவு செல்லாது."

"தாயே, நான் இந்த வழக்குலயே இல்ல!" என்று கூடத்திலிருந்து கத்தினார் என் வீட்டுக்காரர்.

மூன்று மணிக்கு, விடுதி அறையைப் பார்த்தாயா என்று திருப்பி அனுப்பினேன், படம் காட்டினாள். நான்கு மணிக்கு, மழை நாளில் துணி எங்கே காயும் என்பதைப் பரிசீலிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினேன். போகாதே என்று ஒரு தடவையாவது சொன்னேனா? அவளுடைய சீருடைக்குப் பொத்தான் தைக்க நான் உட்கார்ந்தபோது, ஆயிரம் கட்டு தைத்த கைக்கு ஊசியில் நூல் நுழையவில்லை. அது வேறு விஷயம்.

ஐந்தடிக்க ஐந்து நிமிடம். கடைசிக் கேள்வியை எடுத்தேன்.

"பாதிக்கப்படறவங்களைக் கேட்டியா?"

"யாரும்மா அது?"

"நான்தான்."

அவள் ஊசியை வாங்கி நூல் கோத்துக் கொடுத்தாள். "காலையிலயே அனுப்பிட்டேன்மா."

"அப்ப மூணு மணி நேரமா என்னடி செஞ்சே?"

"உன்னைக் கேட்டுட்டிருந்தேன். நாளைக்கு, என்னைக் கேக்கலன்னு நீ சொல்லக் கூடாதில்ல?"

முடிவெடுத்த பிறகு கேட்பது கேட்பதே ஆகாது என்று நீதிபதி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ரத்து செய்ய எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. பொத்தானைத் தைத்து முடித்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தப் பெண் போவது சரி என்றோ, அம்மாவிடம் மறைத்தது தப்பு என்றோ இதற்குள் மனதில் தீர்ப்பு எழுதி முடித்திருப்பீர்களே? உங்களிடம் யார் வழக்குப் போட்டார்கள்?