ஈரலில் கூடாரம் போட்ட புழு

ஆடு மேய்த்துப் பிழைக்கும் எங்கள் மலையடிவார ஊரை ஒரு தடவையாவது சிரிக்க வைத்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். நான் கால்நடை ஆய்வாளன். இருபது வருஷமாக ஆட்டு ஈரலை அறுத்துப் பார்க்கிறவனுக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்கிறீர்களா? எல்லாம் நாய் வயிற்றில் வளரும் நாடாப்புழுவால்.

போன குளிர்காலத்தில் மட்டும் ஊரில் மூன்று பேருக்கு ஈரலில் கட்டி, ஆபரேஷன். அதில் ஒருத்தி, பக்கத்து வீட்டுப் பெண் அசில்கானின் ஏழு வயது மகள். நானும் படம் காட்டி நான்கு கூட்டம் நடத்திவிட்டேன். நான்கிலும் ஜனங்கள் தூங்கினார்கள். விழித்தபின் வீட்டுக்குப் போய் ஆடு அறுத்து, கட்டியுள்ள ஈரலைப் பச்சையாக நாய்க்கே போட்டார்கள்.

ஐந்தாவது கூட்டத்துக்கு ஏழு ஜோக் எழுதினேன். மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவி சைராகுலிடம் முதலாவதை எடுத்துவிட்டேன்.

"நாய் நாடாப்புழுவை நாடலாம். நாம் நாடலாமா? நாடாதீர்!"

"அப்புறம்?"

"அவ்வளவுதான். சிரிக்கணும்."

"எப்ப?"

"இப்ப!"

"முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றாள். "ஜோக்கை விடுங்க. ஒரு கதையா சொல்லுங்க. யாருக்கு என்ன ஆச்சுன்னாதான் ஜனங்க காது கொடுத்துக் கேக்கும்."

"நான் விஞ்ஞானி. கதையெல்லாம் சந்தையில ரொட்டி விக்கிறவங்க வேலை."

"சந்தையில ரொட்டி விக்கிறவ நான்தான்."

"அதான் சொன்னேன்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என்னிடம் ஒரு திட்டம் இருந்தது.

"மேடையில நான் தொப்பியைத் தொட்டா நீ சத்தமா சிரிக்கணும். உன்னைப் பாத்து ஊரே சிரிக்கும்."

"எதுக்குச் சிரிக்கிறேன்னு யாராவது கேட்டா?"

"எதையாவது சொல்லிக்கோ."

"எதையாவதா? சரி."

அவள் உடனே ஒத்துக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஊர் மன்றத்தில் நல்ல கூட்டம். நாடாப்புழுவை நாடினேன். பின்வரிசையில் ஒருவர் குறட்டையைத் தொடங்கிவிட்டார். தொப்பியைத் தொட்டேன்.

சைராகுல் சிரித்தாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"என்னக்கா, எதுக்கு இப்படிச் சிரிக்கிற?" என்றாள் அசில்கான்.

"இவர் பண்ணுன காரியம் ஞாபகம் வந்துருச்சுடி!" சைராகுல் எழுந்து நின்றாள். "போன வாரம் ஆடு அறுத்தோம். ஈரல்ல வெள்ளையா ஒரு கட்டி. உங்களுக்குக் காட்டணும்னு வேலி மேல வெச்சுட்டு, அங்கேயே நின்னு ஜோக் சொல்லிப் பாத்தார். கேட்டது நாய் ஒண்ணுதான். ஜோக் முடியறதுக்குள்ள ஈரல் முடிஞ்சுருச்சு!"

கூட்டம் ஓவென்று சிரித்தது. குறட்டைக்காரர் விழித்துக்கொண்டார். எனக்கும் நாய்க்கும் மட்டுமே தெரிந்த ரகசியம் அது!

"எங்கிட்ட 'குழி வெட்டிப் புதைச்சுட்டேன்'னு புளுகினார், நான் ஜன்னல் வழியாப் பாத்தது தெரியாம. வாயைத் துடைக்காம நின்ன நாய்க்கு நானே புழு மாத்திரை கொடுத்தேன். கொடுக்கலன்னா? நாய் வயித்துல புழு வளரும். முட்டை அதோட மலத்துல வரும், ரோமத்துல ஒட்டும். இவர் நாயைத் தடவுவார், அதே கையால ரொட்டியைப் பிப்பார்."

"கை கழுவ மாட்டாரா?" யாரோ கத்தினார்கள்.

"அடுத்த ஜோக்கை யாரு யோசிக்கிறது? முட்டை உள்ள போயிரும். ஈரலைப் பாத்ததும் 'நல்ல மேய்ச்சல் நிலம்'னு கூடாரத்தைப் போட்டுரும். கோடையில மேய்ச்சலுக்குப் போடற நம்ம கூடாரமாவது இலையுதிர் காலத்துல மலையை விட்டு இறங்கும். அது இறங்காது. டாக்டர் கத்தி எடுத்தாதான் பிரியும்."

சிரிப்பு மெல்ல அடங்கியது. அசில்கான் மட்டும் சிரித்திருக்கவே இல்லை.

"எம்பொண்ணு வயித்துல இருந்தது அதுதானா?" என்றாள். "ஈரலை நாய்க்குப் போட்டது நான்தானே அக்கா?"

சைராகுல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "தெரியாமப் போட்டோம். எல்லாரும்தான் போட்டோம். இனிமே போட மாட்டோம்."

"அந்த மாத்திரை எங்க கிடைக்கும்?"

பெட்டியைத் திறந்தேன். நான்கு கூட்டங்களாகத் தொடப்படாமல் கிடந்த மாத்திரைகள் அரைமணி நேரத்தில் தீர்ந்துபோயின. மீதி ஆறு ஜோக்கையும் கேட்க ஒருவர்கூட மிஞ்சவில்லை.

மறுநாள் பக்கத்து ஊர்த் தலைவர் போன் செய்தார். அங்கேயும் கூட்டம் நடத்த வேண்டுமாம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, என்றைக்கு வரவேண்டும் என்று கேட்டேன்.

"பேசுறதுக்கு உங்க சம்சாரம் வந்தாப் போதும்," என்றார். "ஆனா நீங்களும் கூட வாங்க. நாய்கிட்ட ஈரலைப் பறிகொடுத்த ஆளை ஜனங்க நேர்ல பாக்கணுங்கிறாங்க."