ஃபிளனல் துணியில் ஒரு நீச்சலுடை

அன்றைக்கு அந்த நீச்சல் தடாகத்தைச் சுற்றி நின்றவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆளாளுக்கு "நானும் அங்கதான் நின்னேன்" என்று கிளம்பிவிடுகிறார்கள். (டிக்கோயாவில் பாதிப்பேர் இப்படிச் சொல்லித் திரிகிறார்கள். அத்தனை பேரும் வந்திருந்தால் தண்ணீருக்கே இடம் இருந்திருக்காது.) பிள்ளைகள் ஒன்பது பேர், அதில் ஒன்று என் மகள் சுகந்தி. நீச்சல் மாஸ்டர் சுனில் மாத்தயா (சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா. அவருக்கு நான் நோனா, அதாவது அம்மணி). யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பவளம் டீச்சர். லொறி ஓட்டுகிற என் வீட்டுக்காரர். ஹோட்டல் மேனேஜர். அவருக்குப் பின்னால் தலை துவட்டும் துவாய்களைச் சுமந்துகொண்டு ஒரு வெயிட்டர். வெயில் காய வந்து, வெயில் இல்லாததால் போர்வைக்குள் புகுந்துகொண்ட ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. கடைசியாக நான். ஆக மொத்தம் பதினேழு பேர். அதில் பதினாறு பேர் சிரித்தார்கள்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மற்றவர்கள் படிக்கப் பயன்படுத்திய காலத்தை நான் பயப்படப் பயன்படுத்திக்கொண்டேன். மழை பெய்தால் மண் சரியும் என்று பயப்படுவேன். பெய்யாவிட்டால் தேயிலைக் கொழுந்து கருகும் என்று பயப்படுவேன். வீட்டுக்காரரின் லொறி வளைவு ஒன்றில் கொஞ்சம் தாமதித்தால் போதும், நான் மனத்துக்குள் செத்த வீட்டுக்குச் சமைக்கத் தொடங்கிவிடுவேன்.

தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகள் கொண்ட லயத்தில் இருந்தவரை பிள்ளைக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்றைத் தேட வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டால் போதும், பொழுது தானாகப் போகும், இருட்டியதும் பிள்ளை தானாக வரும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தையல் மெஷினையும் வாங்கிக்கொண்டு டிக்கோயா பஜார் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்த பிறகுதான், பிள்ளைகளுக்குப் படிப்பைத் தவிர வேறு ஏதேதோ வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்தது. பவளம் டீச்சரின் மகள் அபிராமி வயலின் வாசித்தாள், பேச்சுப் போட்டிக்குப் போனாள், ஆங்கிலத்தில் பாட்டுச் சொன்னாள். என் மகள் சுவரோரம் நின்று அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து, அபிராமி வயலினைப் பிடித்திருந்த விதத்தைத் வீடு கூட்டுகிற தும்புத்தடியை வைத்து நடித்துக் காட்டினாள். "அடுத்தவங்களக் கிண்டல் பண்ணாத" என்று அதற்கும் அடித்தேன்.

அந்த வருடம் சுகந்தியை ஆறாம் வகுப்புக்குக் கண்டியில் ஒரு பெரிய பெண்கள் பாடசாலையில் சேர்க்கலாம் என்று கூட்டிப்போனோம். ஹாஸ்டலோடு சேர்ந்த பாடசாலை. சுகந்திக்கு அந்த இடத்தின் மேல் உயிர். மூன்று மாதமாகத் தலையணைக்கடியில் அந்தப் பாடசாலையின் படத்தை வைத்துத் தூங்கினாள். அதிபர் அம்மா மார்க்குகளைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு கேட்டார், "படிப்பைத் தவிர மகள் வேறு என்ன செய்வா?"

நான் சட்டென்று, "எல்லாம் செய்வாங்க மிஸ். பாத்திரம் கழுவுவா, வெறகு ஒடைப்பா, தண்ணி தூக்குவா" என்றேன்.

வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். அதிபர் அம்மா சிரிக்காமல், அப்படியல்ல, விளையாட்டோ கலையோ ஏதாவது ஒன்றில் சான்றிதழ் இருந்தால் ஜனவரியில் கொண்டுவாருங்கள், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார். விறகு உடைத்ததற்குச் சான்றிதழ் தருகிறவர் ஒருவரும் டிக்கோயாவில் இல்லை. இருந்திருந்தால் என் மகளுக்கு ஒரு அலமாரி தேவைப்பட்டிருக்கும்.

ஆக, டிசம்பர் விடுமுறைக்குள் ஒரு சான்றிதழ் பிடிக்க வேண்டும். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று நான் கேட்கவில்லை. எது பிள்ளையைக் கொல்லாது என்றுதான் பார்த்தேன். ஹட்டனில் கராத்தே இருந்தது. கூரை ஓட்டை நெற்றியால் உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வாசலோடு திரும்பிவிட்டேன். பரதநாட்டியம் இருந்தது, ஆனால் வெறுங்காலோடு சீமெந்துத் தரையில். அந்தக் குளிரில் தாம்தீம் முடிவதற்குள் காய்ச்சல் வந்துவிடும். கீபோர்ட் வகுப்பில் கீபோர்ட் ஒன்று, பிள்ளைகள் பன்னிரண்டு. முறை வரும்போது சுகந்திக்குக் கல்யாண வயது வந்திருக்கும். செஸ் ஒன்றுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் பிள்ளை நாற்காலியை விட்டு அசையாது. அதைச் சலூனின் பின்னறையில் சொல்லிக்கொடுத்தார்கள். சவரக் கத்தியை நினைத்து வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கடைசியில் மிஞ்சியது நீச்சல்.

பயந்தாங்கொள்ளி ஒருத்தி பிள்ளையை நீச்சலுக்கு எப்படி அனுப்பினாள் என்று கேட்பீர்கள். விஷயம் இதுதான்: அந்த நீச்சல் வகுப்பில் தண்ணீர் இல்லை. சுனில் மாத்தயா தெற்கே கடற்கரை ஹோட்டலொன்றில் வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். பஜாரில் அரிசிக் கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. பிள்ளைகள் வாங்குப் பலகைகளில் குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடிப்பார்கள். மாத்தயா நடுவில் நடந்துகொண்டு, "ஒதை, ஒதை, கை நீட்டு, மூச்சு எடு" என்பார். மூச்சு எடுப்பதற்கு மட்டும் ஒரு பேசினில் தண்ணீர். அதற்கும் நான் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் சுடுதண்ணீர் கொண்டுபோய்க் கலந்துவிடுவேன். உலகத்திலேயே மூழ்க முடியாத நீச்சல் வகுப்பு. இரண்டு கையாலும் கும்பிட்டுச் சேர்த்துவிட்டேன். நாள் தவறாமல் போய் மூலையில் உட்கார்ந்து பார்த்ததில், இரவில் கட்டிலில் என் காலும் உதைக்கத் தொடங்கியது. (வீட்டுக்காரர் தரையில் பாய் போட்டுக்கொண்டார்.)

ஒரு மாதம் முடிந்ததும் மாத்தயா குண்டைப் போட்டார். "ஞாயித்துக்கெழம எல்லாம் தண்ணில எறங்கணும். ஹோட்டல்ல கேட்டிருக்கு. இந்தக் கரையில எறங்கி அந்தக் கரையத் தொட்டாதான் சேட்டிபிகேட்."

"தண்ணியிலயா?" என்று கேட்டேன்.

"வேற எதுல நோனா?" என்றார்.

அந்த ஹோட்டல் முன்பு துரை பங்களாவாக இருந்த இடம். அங்கே டிசம்பரில் காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதற்கு முன் குளிர் வரும். பிள்ளையைத் தண்ணீரில் இறக்காவிட்டால் கண்டி போய்விடும். இறக்கினால் பிள்ளை போய்விடும். நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பிள்ளை நனையாமல் நீந்த வேண்டும்.

குளிருக்கு உள்பாவாடை தைக்க வாங்கிவைத்த சிவப்பு ஃபிளனல் இருந்தது. கொழுந்து எடுக்கிற பெண்கள் மழைக்கும் அட்டைக்கடிக்கும் இடுப்பில் சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் படங்கும் இருந்தது. வெளியே ஃபிளனல், உள்ளே படங்கு, முழுக்கை, முழுக்கால், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் இறுக்கமாக எலாஸ்டிக், கழுத்தில் இழுத்துக் கட்ட ஒரு நாடா. மூன்று நாள் கண்விழித்துத் தைத்தேன். என் தையலில் இன்றுவரை ஒரு பொட்டுத் தண்ணீர் ஒழுகியதில்லை என்று பெருமை வேறு.

சுகந்தி போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "அம்மா, கைய மடக்க முடியல."

"நீந்துறதுக்குக் கைய நீட்டத்தான வேணும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மற்ற எட்டுப் பிள்ளைகளும் காற்சட்டையும் பெனியனுமாகப் பல் அடித்துக்கொண்டு நின்றார்கள். என் மகள் சரசரவென்று சத்தம் எழுப்பியபடி நடந்து வந்தாள். பவளம் டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இதென்னப்பா இது, நீச்சலுடுப்போ, மெத்தை உறையோ?"

"நெஞ்சில சளி கட்டிருங்க டீச்சர்."

"சளி வாறதுக்கு முன்னம் பிள்ளை அவிஞ்சு போகும். உமக்கென்ன விசரே?"

மாத்தயா சுகந்தியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். "நோனா, பாப்பா ராக்கெட்ல போகுதா?" என்று கேட்டார். கழற்றச் சொன்னார். கழற்றினால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றேன். சுகந்தி என்னைப் பார்த்த பார்வையில் கண்டி தெரிந்தது. "பரவால்ல மாத்தயா, நான் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

எட்டுப் பிள்ளைகளும் தத்தித் தடுமாறி, தண்ணீர் குடித்து, கரையைத் தொட்டுவிட்டார்கள். அபிராமி தொட்டுவிட்டு எங்கள் பக்கம் கையசைத்தாள். அடுத்து சுகந்தி குதித்தாள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் மூழ்கவில்லை. உள்ளே அடைபட்ட காற்று முழுவதும் முதுகுக்கு வந்து, மொத்த உடுப்பும் பூரி மாதிரி உப்பிக்கொண்டது. கையும் காலும் தண்ணீரைத் தொடாமல் மேலே நின்றன. மாடியில் கற்றுக்கொண்டபடி உதைத்தாள். காற்றைத்தான் உதைத்தாள். மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்து அவளை மெதுவாகச் சுற்றிவிட்டது. பிள்ளை போக வேண்டிய கரையையும் பார்த்தது, வந்த கரையையும் பார்த்தது, வெள்ளைக்காரரையும் பார்த்தது.

"ஸ்டியரிங்க ஒடிச்சுத் திருப்பு புள்ள" என்று வீட்டுக்காரர் கரையிலிருந்து கத்தினார். "ரிவர்ஸ்ல வந்தாலும் வா."

அப்போதுதான் கழுத்து நாடா அவிழ்ந்தது. புஸ்ஸென்று ஒரு சத்தம். உப்பியது அமுங்கியது. கழுத்து வழியாகத் தண்ணீர் உள்ளே போனது, என் தையல் அதை ஒரு பொட்டும் வெளியே விடவில்லை. சுகந்தி கீழே போனாள். அவளைச் சுற்றித் தண்ணீர் சிவந்தது. சிவப்பு பரவியது.

இரத்தம்.

அதற்குமேல் எனக்கு நினைவில்லை. சேலை, ஸ்வெட்டர், குரங்குத் தொப்பி சகிதம் பாய்ந்துவிட்டேன் என்று சொல்கிறார்கள். ஒரு மாதம் மூலையில் உட்கார்ந்து பார்த்தது வீண்போகவில்லை. ஒதை, ஒதை, கை நீட்டு, மூச்சு எடு. கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தேன். "நோனா, எழும்பி நில்லுங்க, நில்லுங்க" என்று மாத்தயா கத்தியதாகவும் சொல்கிறார்கள். தொப்பிக்குள் ஒன்றும் கேட்கவில்லை. கையில் ஏதோ இடித்ததும் மகள்தான் என்று கட்டிப்பிடித்தேன். மகள் சில்லென்று கல்லாக இருந்தாள். கண்ணைத் திறந்தால் எதிர்க் கரையின் சுவர்.

திரும்பிப் பார்த்தேன். தடாகத்தின் நடுவில், நெஞ்சளவுத் தண்ணீரில், என் மகள் இரண்டு காலையும் ஊன்றி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஃபிளனலின் சாயம் ரோஸ் நிறத்தில் கலங்கிக்கொண்டிருந்தது. அவள்தான் முதலில் சிரித்தாள்.

"ஏறி வா" என்றார் வீட்டுக்காரர். "அங்கிட்டு ரோடு முடிஞ்சிருச்சு."

துவாய்க்குள் நடுங்கிக்கொண்டே மாத்தயாவிடம் கெஞ்சினேன். பாதித் தூரம் போனாளே, பாதிச் சான்றிதழாவது கொடுங்கள் என்றேன். தோட்டத்தில் அரை நாள் வேலைக்கு அரைப்பேர் போடுகிறார்களே, அந்தக் கணக்கில் கேட்டேன்.

"பொய் எழுத ஏலாது நோனா" என்றார் அவர். "பாப்பா கரையத் தொடல்ல. தொட்டது நீங்க." பிறகு, நான் விடுவதாக இல்லை என்று கண்டு, மிஞ்சியிருந்த சான்றிதழில் என் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, கையில் கொடுத்துவிட்டார். அவர் கேலிக்குச் செய்தாரோ நேர்மைக்குச் செய்தாரோ, இன்றுவரை தெரியாது. ஏழாம் வகுப்புக்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அது.

 வீட்டுக்கு வந்ததும் சுகந்தி தலையணைக்கடியிலிருந்த படத்தை எடுத்துப் புத்தகப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். என் பயங்களில் எதுவும் அவளை அதுவரை தொட்டதில்லை, என் பாதுகாப்புத்தான் போய்த் தொட்டது. அன்றைக்கு இரவு என் கால் உதைக்கவில்லை.

ஜனவரியில் வெறுங்கையோடு போக மனமில்லாமல் என் சான்றிதழையே கொண்டுபோய் அதிபர் அம்மாவின் மேசையில் வைத்தேன். அவர் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இது அம்மாவின் பெயரல்லவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுகந்தி எழுந்துவிட்டாள். "நான் சொல்றேன் மிஸ்" என்றாள். வாங்கிலிருந்து தொடங்கினாள். ஃபிளாஸ்கைச் சொன்னாள். மாத்தயாவாக நடந்தாள், பவளம் டீச்சராகக் கண்ணாடியைச் சரிசெய்தாள், கன்னத்தை உப்பிக்கொண்டு அறையின் நடுவில் மெதுவாகச் சுற்றினாள். கடைசியில் என்னைப் போலச் சுவரைக் கட்டிப்பிடித்து, "எம்புள்ள, எம்புள்ள" என்று அழுதாள். (நான் அப்படி அழுதது எனக்கே அப்போதுதான் தெரியும்.) அதிபர் அம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். பக்கத்து அறையிலிருந்து கிளார்க் எட்டிப் பார்த்தார். அதிபர் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார், "மகள் நாடகம் எங்கே பழகினவ?"

"வீட்டுலதாங்க மிஸ்" என்றார் வீட்டுக்காரர், என்னைக் காட்டி.

இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் அந்தக் கதையைச் சொன்னாள், நாடகப் போட்டிகளில் மேடையேற்றினாள், இப்போது அவளே ஒரு பாடசாலையில் நாடகம் பழக்குகிறாள். அவளுடைய கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் என்னை, "நீந்தினது நீங்கதானா?" என்றுதான் விசாரித்தார்கள்.

ஹோட்டல்காரர்கள் அந்தத் தடாகத்தை இறைத்துத் தேய்த்துக் கழுவியதற்கு மாத்தயாவின் பெயரில் பில் போட்டார்கள். பாதியை அவர் கட்டினார். எங்கள் தலையில் விழுந்த மீதியையும் அப்போதைக்கு அவரே கட்டினார். சாயம் போகிற துணியை விற்ற கடைக்காரன்தான் கட்ட வேண்டும் என்பது என் வாதம். ஹட்டன் பஸ் நிலையத்தில் எப்போது கண்டாலும் மாத்தயா கையை நீட்டுவார். "மகளுக்கு நீந்தக் கத்துக் குடுத்து முடிங்க, தாறேன்" என்பேன். சுகந்திக்கு இன்றுவரை நீந்தத் தெரியாது. ஆயிரத்து இருநூறு ரூபாய் அப்படியே நிற்கிறது.