மழை துவைப்பாகாது

சலவை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குள் ஒரு மண்டை ஓடு வந்துபோனது.

டெட்லெஃப் ஹின்ரிக்ஸ் காப்பிக் கோப்பையோடு குளியலறைத் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சட்டை, மண்டை ஓடு. மறுபடி வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சட்டை, மண்டை ஓடு. மூன்றாவது சுற்றில் அது நுரைக்குள்ளிருந்து பல்லைக் காட்டியபோதுதான், மண்டை ஓடு போட்ட வெள்ளைச் சட்டை எதுவும் தன்னிடம் கிடையாது என்பது அவருக்கு உறைத்தது.

காப்பி தரையில் கொட்டியது.

உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது அவருடைய கையில்லாத ஜீன்ஸ் மேற்சட்டை. முதுகில் மண்டை ஓடு. மற்ற இடமெல்லாம் முப்பது வருடமாகப் பார்த்த இசைக்குழுக்களின் பெயர்கள் தைத்த துணிவில்லைகள். நில ஆவண அலுவலகத்தில் தாழ்வாரக் கடைசி அறைக்காரர் டெட்லெஃப். பத்தொன்பது வருடம் ஆகியும் மேலதிகாரி அவரை 'ஹென்ரிச்சன்' என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் அந்த மேற்சட்டையை மாட்டிக்கொண்டு கச்சேரி மைதானத்தில் நடந்தால், இரண்டு ஆள் உயரத் தாடிக்காரர்கள்கூட ஒதுங்கி வழிவிடுவார்கள். வாசனைதான் காரணம் என்று மனைவி ஃப்ராவ்கே சொல்வாள். மரியாதை என்று டெட்லெஃப் சொல்வார்.

ப்ரோக்ஹோல்ட் ஊரின் ஹார்ட் ராக் இசை ரசிகர் சங்கத்தில் உறுப்பினர்கள் ஏழு பேர், விதிகள் இருபத்திமூன்று. நான்காம் விதி இது: 'உறுப்பினரின் மேற்சட்டை எக்காரணத்தைக் கொண்டும் துவைக்கப்படலாகாது. மழை துவைப்பாகாது.' நாளை சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு ஆண்டுப் பொதுக்கூட்டம். முப்பது வருடம் துவைக்காத முதல் மேற்சட்டைக்காக டெட்லெஃபுக்கு வெள்ளி எலும்புப் பதக்கம். கோடை இசை விழாவுக்குப் போகும் பேருந்தில் ஆயுளுக்கும் முன்வரிசை இருக்கை.

அவர் போனை எடுத்தார். ஃப்ராவ்கே முதுகுவலிக்குச் சேற்றுக்குளியல் சிகிச்சை எடுக்க மூன்று வாரம் கடற்கரையில் இருந்தாள்.

"ஃப்ராவ்கே, மெஷின நடுவுல எப்படி நிறுத்தறது?"

"எதுக்கு நிறுத்தணும்?"

"சும்மா, தெரிஞ்சுக்கலாம்னு."

"இத்தன வருஷத்துல தெரிஞ்சுக்கணும்னு தோணல. நான் கழுத்துவரைக்கும் சேத்துல படுத்திருக்கறப்பதான் தோணுதாக்கும்! ஒரு பொண்ணு என் காதுல போனப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. சீக்கிரம் சொல்லு."

"ஆபீஸ் சட்டையெல்லாம் போட்டேன். நாற்காலில கிடந்தத அப்படியே வாரி..."



"டெட்லெஃப், அந்த நாற்காலில உன் அழுக்கு மூட்டையும் கிடந்துச்சே."

"கிடந்துச்சு."

"எத்தன டிகிரில ஓடுது?"

"அறுபது."

ஃப்ராவ்கே சிரித்தாள். சேறு சிரித்தால் வரும் சத்தம் அவருக்குக் கேட்டது. போனைப் பிடித்திருந்த பெண்ணும் சேர்ந்து சிரித்தாள்.

"சரி சரி, அழாத. மெஷினுக்கு அடியில சின்னதா ஒரு மூடி இருக்கும். அதத் திருகினா தண்ணி வடிஞ்சிடும். ஆனா முதல்ல கீழ ஒரு..."

அதற்குமேல் கேட்காமல் டெட்லெஃப் போனை வைத்துவிட்டார். 'கீழ ஒரு' என்ன என்பது அரை நிமிடத்தில் தெரிந்தது. தண்ணீர் குளியலறையை நிரப்பி, தாழ்வாரம் கடந்து, வரவேற்பறைக் கம்பளத்தைத் தொட்டு நின்றது.

கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றபடி மேற்சட்டையை வெளியே இழுத்தார். இரவு வானம் மாதிரி இருந்த துணி, பள்ளிக்கூடச் சீருடை மாதிரி வெளுத்திருந்தது. முப்பது வருட அழுக்கும் ஆறு அலுவலகச் சட்டைகளுக்குப் பாரபட்சமில்லாமல் பங்கிடப்பட்டிருந்தது. முகர்ந்தார். சோப்புத்தூளின் லாவண்டர் பூ மணம் வந்தது.

எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருக்கும் என்று நம்புகிறவர் டெட்லெஃப். அதனால்தான் அவருக்கு எதுவும் ஒரு தவறோடு நிற்பதில்லை.

முதலில் இரண்டு புட்டி பீரை அதன்மேல் ஊற்றினார். அது ஒரு குடிகாரப் பூக்கடை போல மணத்தது. லாவண்டரைக் கொல்லப் புகைதான் சரி என்று தோட்டத்து அடுப்பில் கரி மூட்டி, மேற்சட்டையை அதன்மேல் கம்பியில் தொங்கவிட்டார். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. கம்பி மட்டும் வளைந்தது. மண்டை ஓட்டின் தாடை பற்றிக்கொண்டது.

"ஐயையோ!"

பக்கத்திலிருந்த வாளியில் முக்கினார். நாளைய கூட்டத்துக்கு அவர் கொண்டுபோக வேண்டிய ஹெர்ரிங் மீன் அந்த வாளியில்தான் உப்பும் வெங்காயமுமாக ஊறிக்கொண்டிருந்தது. நெருப்பு அணைந்தது. மேற்சட்டையை வெளியே எடுத்தபோது காலர் நுனியில் ஒரு வெங்காய வளையம். வேலிமேல் பக்கத்து வீட்டுப் பூனைகள் மூன்று, கச்சேரிக்கு இடம் பிடித்ததுபோல வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அதைப் பையில் சுருட்டிக்கொண்டு காரை எடுத்தார். உள்ளூர்ச் சலவைக்கடைக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, பக்கத்து ஊரில் ஒரு கடை இருந்தது. ப்ரோக்ஹோல்ட்காரர்கள் யாரும் அங்கே போய் அவர் கேள்விப்பட்டதில்லை.

கடைக்காரர் திருமதி ஷிமான்ஸ்கா மூக்குக்கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கி, பையைத் திறந்து ஒருமுறை முகர்ந்தார்.

"லாவண்டர், பீர், கரி, மீன்," என்று மளிகைப் பட்டியல் போல வாசித்தார். "பரவால்ல சார், சாணிவரைக்கும் போகாம வந்துட்டீங்க."

"மேடம், இது சுத்தமாகக் கூடாது. ஆனா இப்ப இருக்கற மாதிரியும் இருக்கக் கூடாது. எப்பவுமே துவைக்காத மாதிரி இருக்கணும். முடியுமா?" சொல்லும்போதே, தன்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இந்த அம்மாள் யாருக்காவது போன் பண்ணிவிடுவாரோ என்று பயந்தார்.

அந்த அம்மாள் எழுதிக்கொண்டே இருந்தார். "முதுகு ஓட்டைக்குக் கரும்பச்சை நூல்தான் இருக்கு. பரவால்லையா?"

"பரவால்ல."

"கறை எங்கெங்க இருந்துச்சுன்னு இந்தப் படத்துல குறிச்சுக் குடுங்க." கையில்லாத மேற்சட்டையின் முன்னும் பின்னும் அச்சடித்த ஒரு தாளை நீட்டினார். "மூணு மணிக்குள்ளதான வேணும்? நாளைக்கு மத்தியானம் பின்வாசல்ல மணியடிங்க."

டெட்லெஃப் கண் கலங்கத் தலையாட்டினார். மூன்று மணி என்று தான் எப்போது சொன்னோம் என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்கிறவராக இருந்தால் நாற்காலியில் கிடந்ததை அப்படியே வாரியிருக்க மாட்டார்.

மறுநாள் பின்வாசலில் வாங்கிய மேற்சட்டையைக் காருக்குள் பிரித்தார். நிறம் மறுபடி இரவு வானம். மக்கிய பீர், ஈரப் புல், பழைய வியர்வை, எங்கோ தூரத்தில் வறுத்த வெங்காயம். அசலைவிட அசலாக இருந்தது.

பொதுக்கூட்டம் தீயணைப்பு நிலையத்து மாடியில். ஏழு மேற்சட்டைகள், ஒரு வெண்ணெய்க் கேக், இரண்டு குடுவை காப்பி. சங்கத் தலைவர் ஓன்னோ கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், இடுப்புவரை தாடி. செயலாளர் வீப்கே கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டே கேக்கையும் வெட்டினாள்.

"ஹெர்ரிங் எங்கடா?" என்றார் ஓன்னோ.

"பூனை தின்னுடுச்சு."

"முழு வாளியுமா?"

"மூணு பூனை."

"ஹெர்ரிங் வரவில்லை, பூனை மூன்று," என்று வீப்கே குறிப்பில் எழுதினாள்.

பிறகு விதிப்படி முகர்தல். ஓன்னோ எழுந்து டெட்லெஃபின் தோளில் மூக்கைப் பதித்துக் கண்ணை மூடினார். டெட்லெஃபின் கண்ணுக்கு நேரே தலைவரின் காலர். அதில் கரும்பச்சை நூலில் ஒரு தையல். மனைவி தைத்திருப்பாள், பாவம், கறுப்பு நூல் கிடைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டார்.

"இதுதான்டா வாழ்க்கை," என்றார் ஓன்னோ. "என்னோடதுலயும் இதே வாசனைதான். சரி, கறை வாசி."

பதக்கம் வாங்குபவர் தன் மேற்சட்டையின் கறைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, அந்தந்தக் கச்சேரியைச் சொல்ல வேண்டும். டெட்லெஃப் நாற்காலிமேல் ஏறினார்.

"தோள்ல இருக்கற சேறு, தொண்ணூத்தொன்பதாம் வருஷம். முதல் பாட்டு ஆரம்பிச்சப்ப என் வலது பூட்ஸச் சேறு முழுங்கிடுச்சு. கச்சேரி முடியறவரைக்கும் குனிஞ்சு தேடினேன். பதினோரு செருப்பு கிடைச்சுது, என்னோடது கிடைக்கல. வீட்டுக்கு ஒரு பூட்ஸும் ஒரு லேடீஸ் செருப்புமா வந்தேன்."

"மேடையில யாரு?" என்றாள் வீப்கே.

"தெரியாது. முட்டிவரைக்கும் எல்லாரையும் பாத்தேன்."

சிரிப்பில் காப்பி சிந்தியது.

"இது கடுகு சாஸ், ரெண்டாயிரத்து மூணு. பதினஞ்சு வருஷமா வாசிக்காத அந்த கிடார் துண்ட அன்னிக்கு வாசிச்சாங்க. நான் சாசேஜ் வரிசைல இருந்தேன். எனக்கு முன்னாடி ரெண்டே பேரு. விட்டுட்டுப் போக மனசு வருமா?"

"வராது!" என்றது சங்கம்.

"இந்தப் பச்சைக் கறை, ரெண்டாயிரத்து எட்டு. தற்காலிகக் கழிப்பறைல கதவு சிக்கிக்கிச்சு. வெளில பாடகன், 'எல்லாரும் தரைல உக்காருங்க, படகுல போற மாதிரி சேந்து துடுப்புப் போடுவோம்'னு கத்தறான். அறுபதாயிரம் பேரு உக்காந்து துடுப்புப் போடறாங்க. நானும் போட்டேன்."

"எங்கருந்து?"

"உள்ளருந்துதான். ஏற்கனவே உக்காந்துதான இருந்தேன்."

ஓன்னோ தாடியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது ரத்தம். டிரம்மர் கூட்டத்துக்குள்ள குச்சியத் தூக்கிப் போட்டான். நான்தான் பிடிச்சேன்." ஒரு கணம் நிறுத்தினார். "நெத்தியால. கண்ணு முழிச்சப்ப முதலுதவிக் கூடாரத்துல இருந்தேன். குச்சிய வேற எவனோ கொண்டுபோயிட்டான்."

கைதட்டல் அடங்கவே இல்லை. நாற்காலிமேல் நின்றபடி டெட்லெஃப் குனிந்து அந்த ரத்தக் கறையைப் பார்த்தார். அழகான கறை. பீட்ரூட்டாக இருக்கும். முப்பது வருடத்தில் ஒரு கச்சேரியைக்கூட அவர் முழுதாகப் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள இருந்தது இந்தக் கறைகள் மட்டும்தான். இப்போது அவையும் ஒரு சலவைக்காரம்மாள் அச்சடித்த தாளைப் பார்த்துப் போட்டவை. ஓன்னோ பதக்கத்தோடு வந்தார். அந்தப் பெரிய விரல்கள் ஊசியைத் திறக்கத் தடுமாறின. கண்ணில் நிஜமான கண்ணீர்.

"வேண்டாம் தலைவரே," என்றார் டெட்லெஃப். "நேத்து இத நான் துவைச்சிட்டேன்."

கேக் கத்தி தட்டில் விழுந்தது.

"மழைலயா?" என்றார் ஓன்னோ, கெஞ்சுவதுபோல.

"மெஷின்ல. அறுபது டிகிரி. லாவண்டர் போட்டு."

எல்லாவற்றையும் சொன்னார். சலவைக்கடையை மட்டும் சொல்லவில்லை. அந்த அம்மாளுக்கு எதற்கு வம்பு. தானே எப்படியோ சரிசெய்ததாகச் சொன்னார். சொல்லி முடிக்கையில் ஆறு பேரும் அவரைப் பார்க்காமல் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். என் கேவலத்தைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை போல என்று அவர் நினைத்தார்.

"விதி விதிதான்," என்றார் ஓன்னோ கடைசியில், மேசையைப் பார்த்து. "வருஷக் கணக்கு இன்னிலருந்து பூஜ்யம். பேருந்துல கடைசி சீட்டு."

"கழிப்பறைப் பக்கத்துலயா?" என்றார் டெட்லெஃப்.

"அது உனக்குப் பழகின இடம்தானடா," என்றாள் வீப்கே. ஆனால் அவள் சிரிக்கவில்லை. தண்டனைக்கு ஆதரவாக ஆறு கைகள் உயர்ந்தன, மிகவும் மெதுவாக. அவள் அதையும் எழுதினாள்.

திங்கட்கிழமை மாலை, சாம்பல் நிறமாகிப்போன ஆறு அலுவலகச் சட்டைகளோடு டெட்லெஃப் பக்கத்து ஊருக்குப் போனார்.

"என்ன சார், பதக்கம் எங்க? குத்திக்கிட்டு வருவீங்கன்னு பாத்தேன்," என்றார் திருமதி ஷிமான்ஸ்கா.

"உங்க வேலைல ஒரு குறையும் இல்ல மேடம். நான்தான் மனசு கேக்காம துவைச்சத ஒத்துக்கிட்டேன். எல்லாரும் சேந்து தண்டனை குடுத்துட்டாங்க."

அந்த அம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அட கடவுளே, ஏன் சார் ஒத்துக்கிட்டீங்க? உங்க தலைவரும் மத்த அஞ்சு பேரும் இருபது வருஷமா அதே பின்வாசல்ல வந்து வாங்கிட்டுப் போறாங்க, ஒருத்தராவது வாயத் திறந்திருக்காங்களா?"