ஆசி பெற்ற சர்வர்

பெயிண்ட் கடை மாடிப்படியில் காலை எட்டு மணிக்கே வரிசை நின்றது. கீழ்ப்படியில் சைக்கிள் கடைக்காரர், அவருக்கு மேலே பூக்கடை அம்மாள், அதற்கும் மேலே சாவி செய்பவர், இப்படி இரண்டு படிக்கு மூன்று பேராக வளைவு வரை நெருக்கம். யாருக்கும் காய்ச்சல் இல்லை, கால்வலி இல்லை. நோய் அவர்களுடைய இணையதளங்களுக்கு. இணையதளத்தைக் கைபிடித்துக் கூட்டிவர முடியாதே, அதனால் அதன் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள்.

மாடியில் இருந்தது கடைக்காரர் சங்கத்தின் அறை. அங்கே வைத்தியர் உட்கார்ந்திருந்தார். பெயர் 'அலை ஐயா'. மூன்று மாதத்துக்கு முன்பு அவர் எங்கே இருந்தார், என்ன வேலை பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. பெரியவர்களிடம் அதையெல்லாம் கேட்பது மரியாதை இல்லையாம். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். கழுத்தில் ஹெட்போன். அதன் ஒயர் எதிலும் செருகப்படாமல் காற்றில் தொங்கியது. அதனால்தான் அவருக்கு மற்றவர்களுக்குக் கேட்காததெல்லாம் கேட்டது.

"உங்க இணையப் பக்கம் பிறந்த நேரம் என்ன?" என்று சைக்கிள் கடைக்காரரைக் கேட்டார்.

"பிறந்த நேரமா?"

"பேரைப் பதிவு பண்ணின நேரம்."

"மத்தியானம் இருக்கும் ஐயா. ஒரு தூக்கம் போட்டு எழுந்துதான் பதிஞ்சேன்."

"அதான் அதுவும் தூங்குது."

சைக்கிள் கடைக்காரர் ஆடிப்போனார். தான் மத்தியானம் தூங்குவது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று வீடு போகும்வரை வியந்துகொண்டே போனார். அரை நிமிஷம் முன்னால் தன் வாயாலேயே சொன்னது அவருக்கு நினைவில்லை.

வைத்தியத்தில் மூன்று படிகள். முதலில் பக்கத்தின் பெயரைக் கொடுக்க வேண்டும். ஐயா அதை மூன்று நாள் 'உள்ளே வைத்து' ஆராய்வார். அடுத்து, மோடத்தின் மேல் ஒட்ட ஒரு செப்புத் தகடு. கடைசியில், பக்கத்தை இருக்கும் இடத்திலிருந்து எடுத்து 'ஆசி பெற்ற சர்வர்' என்ற கணினி ஒன்றில் குடியேற்ற வேண்டும். ஆசி பெறும் அளவுக்குப் பாக்கியம் செய்த அந்த சர்வரை நடத்துகிறவர், ஐயாவின் மச்சான்.

அப்படியானால் பக்கங்கள் இதுவரை எங்கே குடியிருந்தன? அதைச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியின் கோப்பறையில் ஒரு பெண் வேலை பார்த்தார். பகலெல்லாம் நோயாளிகளின் கோப்புகளை எண் வாரியாக அடுக்குவது, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது. அதற்கு முன்னும் பின்னும் அவருக்கு ஒரு சின்னத் தொழில் இருந்தது. தூர தேசத்தில் ஒரு கம்பெனியின் கணினியில் கொஞ்சம் இடத்தை வாடகைக்கு எடுத்து, அதில் தெருக்கடைக்காரர்களின் இணையதளங்களை வைத்துப் பார்த்துக்கொண்டார். ஹோஸ்டிங் என்பார்கள். கடைக்காரர்களுக்கு அவர் ஹோஸ்டிங் அக்கா. அவருடைய அலுவலகம் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிப் படித்திருப்பம், ஏனென்றால் சிக்னல் கிடைத்தது அங்கேதான். சாப்பாட்டு வேளையில் ஒரு கையில் டப்பாவும் ஒரு கையில் போனுமாக அங்கே நின்று, பூக்கடை அம்மாளின் மறந்துபோன பாஸ்வேர்டை வாரம் ஒருமுறை மாற்றிக் கொடுப்பார்.

நான்கு வருஷத்தில் முப்பத்தெட்டு பக்கங்கள் சேர்ந்தன. இனி இதையே முழுநேரமாகச் செய்யலாம் என்று தைரியம் வந்து, மாதக் கடைசியோடு கோப்பறையை விட்டு விலகுவதாகக் கடிதமும் கொடுத்துவிட்டார். அந்த இடத்துக்கு ஆளும் எடுத்தாகிவிட்டது.

கடிதம் கொடுத்த அடுத்த செவ்வாய்க்கிழமை முப்பத்தெட்டு பக்கங்களும் மூன்று மணி நேரம் நின்றுபோயின. காரணம் எளிமையானது. பக்கங்களுக்கு வாராவாரம் எடுத்துவைக்கும் பிரதிகளில் பழையதை அழிக்க அவர் மறந்துவிட்டார். இடம் நிரம்பிவிட்டது. சரிசெய்துவிட்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதினார்: "தவறு என்னுடையது. பழைய பிரதிகளை அழிக்கவில்லை. இனி தானாக அழியும்படி செய்துவிட்டேன்."

அங்கேதான் அவர் கெட்டார்.

"தப்பு என்னோடதுன்னு யாராவது சொல்வாங்களா?" என்றார் சாவி செய்பவர். "எதையோ மறைக்குது அந்தப் பொண்ணு."

மனிதர் தவறு செய்ததை மக்கள் மன்னிப்பதில்லை. அதே தவறைக் கிரகமோ அலையோ செய்திருந்தால் கூப்பிட்டு உட்காரவைத்து மாலை போடுவார்கள். அலை ஐயா அந்தச் செவ்வாய்க்கு ஒரே வாக்கியத்தில் விளக்கம் கொடுத்தார்: "சர்வர் தப்பான திசை பாத்து உக்காந்திருக்கு." மறுநாளே பூக்கடை அம்மாளிடமிருந்து படித்திருப்பத்துக்கு அழைப்பு வந்தது.

"ஏம்மா, நம்ம சர்வர் எந்தத் திசை பாத்து இருக்கு?"

"தெரியாதும்மா. நானே அதைப் பாத்தது இல்ல. கடல் தாண்டி இருக்கு."

"அப்போ நம்மளப் பாத்து இருக்கா, முதுகக் காட்டிட்டு இருக்கா?"

"சர்வருக்கு முதுகே கிடையாதும்மா," என்றார் அக்கா. அந்தப் பதிலே போதுமான சாட்சி ஆனது.

வீட்டிலும் காற்று மாறியிருந்தது. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய பயிற்சிப் பள்ளிக்கும் ஒரு பக்கம் உண்டு. ஒருநாள் மாலை அக்கா வீட்டுக்கு வந்தபோது மோடத்தின் மேல் ஏதோ மின்னியது.

"என்னங்க இது?"

"எது?"

"மோடத்து மேல."

"அதுவா. சும்மா, ஒரு பாதுகாப்புக்கு. நேத்துலேர்ந்து படம் நிக்காம ஓடுது, கவனிச்சியா?"

"நேத்து நான்தானே மோடத்தை இரும்பு பீரோ பின்னாடியிருந்து எடுத்து வெளிய வச்சேன்."

"அந்தப் புத்தியை உனக்கு யாரு கொடுத்தா? தகடுதான்."

"தகடு இன்னிக்குத்தானே ஒட்டியிருக்கீங்க, காலையில இல்லையே. நான் மாத்தினது நேத்து."

"வரப்போறது தெரிஞ்சு முன்னாடியே வேலை செஞ்சிருக்கும்மா. சாதாரண தகடா அது?"

காரில் கண்ணாடியைப் பார்க்காமல் திருப்புகிறவர்களை நாள் முழுக்கத் திட்டுகிற மனிதர்.

சனிக்கிழமை சங்கக் கூட்டம். ஒரே விஷயம்: உறுப்பினர்களின் முப்பத்தொரு பக்கங்களையும் ஒட்டுமொத்தமாக ஆசி பெற்ற சர்வருக்கு மாற்றலாமா. மாற்றினால் அக்காவிடம் மிஞ்சுவது ஏழு. ஏழு பக்கத்தை வைத்துத் தூர தேசத்து வாடகையைக்கூடக் கட்ட முடியாது. வேலையும் இல்லை, தொழிலும் இல்லை என்று ஆகிவிடும். அக்காவும் கூட்டத்துக்குப் போனார்.

சங்கத் தலைவர் பல் டாக்டர். எக்ஸ்ரே பார்க்காமல் ஒரு பல்லைத் தொடமாட்டார். அவர்தான் அலை ஐயாவுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

ஐயா நீல வெல்வெட் துணியிலிருந்து தன் டேப்லெட்டை எடுத்தார். முழுவதும் எடுக்கவில்லை. திரையின் மேல்பகுதி, ஒரு இரண்டு விரல் அளவு, துணிக்குள்ளேயே இருந்தது. அது கருவியின் நெற்றியாம், பார்க்கக் கூடாதாம்.

"இதுல சிம் கிடையாது. கலப்படம் இல்லாத கருவி," என்றார். "முதல்ல ஆசி இல்லாம பாருங்க."

முன்வரிசையில் இருந்த தையல் கடை அக்காவின் பக்கத்தைத் திறந்தார். சக்கரம் சுற்றியது, சுற்றியது, நின்றபாடில்லை. அறைக்கு இருந்தது ஒரே மோடம். அதில் முப்பது பேரின் போன்களும் தொற்றிக்கொண்டிருந்தன, சாவி செய்பவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் குற்றவாளி திசைதான்.

ஐயா கண்ணை மூடினார். ஹெட்போனைக் காதில் வைத்தார். திரைக்கு மேல் கையை மூன்று தடவை சுற்றினார், ஓரத்தில் எதையோ ஒருதரம் தொட்டார். கண் இமைக்கும் நேரத்தில் தையல் கடை திரையில் பளிச்சென்று நின்றது. அறை முழுக்க ஒரு பெருமூச்சு.

"எங்க போன்லயும் இந்த வேகம் வருமா ஐயா?" என்றார் பூக்கடை அம்மாள்.

"உங்க போன்ல பழைய தோஷம் படிஞ்சிருக்கு. கரைய தொண்ணூறு நாள் ஆகும்."

அக்கா எழுந்தார். "ஐயா, இந்த மோடத்தை ஒரு நிமிஷம் அணைக்கலாமா?"

ஐயா அந்தச் சமயத்தில் கைத்தட்டலை வாங்கிக்கொண்டிருந்தார். "தாராளமா," என்றார். மோடம் அணைந்தது. "இப்ப அதே பக்கத்தைத் திறங்க."

ஐயாவின் முகத்தில் ஒரு கணம் வேறு எதுவோ ஓடியது. ஆனால் இத்தனை பேர் பார்க்கிறார்கள். கையைச் சுற்றினார். பக்கம் பளிச்சென்று திறந்தது.

அக்கா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். இனிமேல் தான் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தார். இணைப்பே இல்லாமல் இணையதளம் திறக்கிறது என்றால் அது இணையத்திலிருந்து வரவில்லை, டேப்லெட்டுக்குள்ளேயே எடுத்துவைத்த பிரதி. இது எந்தக் கண்ணுக்கும் தெரியும்.

"ஒயரே இல்லாம வருதுப்பா," என்றார் சைக்கிள் கடைக்காரர், கையைக் கூப்பியபடி.

கைத்தட்டல் கூரையை இடித்தது. பல் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "இதைத்தான் கடைசியில சொல்லலாம்னு வச்சிருந்தேன்," என்றார் ஐயா. இதுவரை இல்லாத அமைதி அவர் முகத்தில் வந்தது. ஒரு சக்தி தன்னிடம் இருப்பதை அவரே அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

"அப்போ மாத்திடலாம்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க," என்றார் தலைவர். கைகள் எழ ஆரம்பித்தன. கணவரின் கை பாதி எழுந்து, மனைவியைப் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு இறங்கியது.

"ஒரு நிமிஷம் டாக்டர்," என்றார் அக்கா. மோடத்தை மறுபடி போட்டார். நேராகத் தையல் அக்காவிடம் போனார். "உங்க பக்கத்துல அறிவிப்பு எழுத ஒரு கட்டம் வச்சுக் கொடுத்திருக்கேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதைத் தொட்டதே இல்ல."

"இப்ப தொடுங்க. உங்க போன்லயே, உங்க இஷ்டத்துக்கு ஒரு வரி எழுதுங்க. என்கிட்டக்கூடக் காட்டாதீங்க. ஆசி பெற்ற கருவிதானே எல்லாத்தையும் விட வேகம். நீங்க எழுதினது முதல்ல அதுலதானே வரணும்?"

கூட்டத்துக்கு இது பிடித்துப்போனது. யோசிக்கச் சொன்னால் கொட்டாவி விடுகிறவர்கள், பந்தயம் என்றால் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். சாவி செய்பவர் கிரிக்கெட்டையே நிறுத்திவிட்டு, மற்றவர்களைப்போலத் தன் போனிலும் தையல் கடைப் பக்கத்தைத் திறந்தார்.

தையல் அக்கா ஒற்றை விரலால் வெகுநேரம் எழுதினார். ஊசியில் நூல் கோப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அழுத்தினார்.

முதலில் சிரித்தது பூக்கடை அம்மாள். பிறகு சைக்கிள் கடைக்காரர். ஒவ்வொரு போனாகச் சிரிப்பு பரவியது. தோஷம் படிந்த போன்கள் எல்லாவற்றிலும், தையல் கடைப் பக்கத்தின் உச்சியில், ஒரே வரி: 'சொன்ன தேதியில் துணி கிடைக்கும்.'

"ஏய், போன மாசம் கொடுத்த என் பேண்ட் எங்க?" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

"ஐயாகிட்ட கேளு, கண்ணை மூடிப் பாத்துச் சொல்வாரு," என்றார் தையல் அக்கா.

எல்லாத் தலைகளும் டேப்லெட் பக்கம் திரும்பின. அங்கே தையல் கடை பளிச்சென்று இருந்தது. அறிவிப்பு வரி மட்டும் இல்லை.

"பக்கம் தியானத்துல இருக்கு," என்றார் ஐயா. "கலைக்கக் கூடாது."

"நான் எழுதினது என் பக்கத்துல, அந்தப் பக்கம் தியானம் பண்ண உம்ம கருவிக்குள்ள எதுக்கு வந்துச்சு?" தையல் அக்கா எழுந்துவிட்டார். "டாக்டர், அந்தத் துணியைத் தூக்குங்க."

"நெற்றியை..." என்று ஆரம்பித்தார் ஐயா.

முப்பது வருஷமாக அடுத்தவர் வாயைத் திறந்து பார்த்த கை அது. டாக்டர் வெல்வெட்டை ஒதுக்கிவிட்டு, குனிந்து, சத்தமாகப் படித்தார்: "சேமித்த பிரதி. புதன்கிழமை, காலை பதினொன்று இருபது."

புதன்கிழமை என்பது தையல் அக்கா பெயரைக் கொடுத்து, ஐயா 'உள்ளே வைத்து' ஆராய்ந்துகொண்டிருந்த மூன்று நாளில் நடுநாள். எங்கே உள்ளே வைத்தார் என்பது இப்போது எல்லோருக்கும் விளங்கியது.

"இங்க அலை சரியில்ல," என்றபடி ஐயா டேப்லெட்டைச் சுருட்டினார். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார். மச்சானின் போன் அன்று மாலைக்குள் அணைந்துபோனது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். மனிதர்கள் முடிய விடவில்லை.

பிறகு பூக்கடை அம்மாள் அக்காவின் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் சொன்னார்: "நீ அந்த மோடத்தைத் தொட்டப்பவே எனக்குப் புல்லரிச்சுதும்மா. அவர் சக்தியையே அடக்கிட்டியே. உன் கையில என்னமோ இருக்கு."

"நானும் பாத்தேன்," என்றார் சைக்கிள் கடைக்காரர். தன் போனை இரண்டு கையாலும் நீட்டினார். "ஒரு தடவை தொட்டுக் கொடுத்துடுங்க அக்கா."

வரிசையாக நாலைந்து போன்கள் நீண்டன. தலையை மட்டும் ஆட்டினால் போதும். முப்பத்தொரு பக்கமும் ஆயுசுக்கும் அவருடையது. கணவர் காதோரம் வந்து, "ஆட்டிடும்மா, என்ன குறைஞ்சுபோச்சு," என்றார்.

அக்கா போன்களைப் பார்த்தார். கோப்பறையில் மிச்சமிருந்த பத்து நாளை நினைத்துக்கொண்டார்.

"என் கையில ஒண்ணும் இல்ல," என்றார். "செவ்வாய்க்கிழமை நின்னது என் மறதியால. இன்னொரு நாளும் நிக்கலாம். அப்போ ஏன்னு என்னைக் கேளுங்க. பதில் புரியலன்னா திரும்பக் கேளுங்க. மூணாவது தடவையும் எனக்குப் புரியவைக்கத் தெரியலன்னா, என்னை விட்டுட்டு வேற ஆளைப் பாருங்க."

போன்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. ஐந்து பேர் எழுந்து கிளம்பினார்கள், தன்னிடம் சக்தி இல்லை என்று தானே சொல்கிறவரை நம்பிப் பக்கத்தை எப்படி விடுவது என்று. இருபத்தாறு பேர் இருந்தார்கள். ஏழும் இருபத்தாறும் சேர்ந்தால் தொழில் தன் காலில் நிற்கும், சற்றுத் தள்ளாடினாலும்.

கூட்டம் கலையும்போது பல் டாக்டர் அக்காவிடம் வந்தார்.

"நீங்க சொன்னது ரொம்பச் சரிம்மா. கேள்வி கேக்கணும். என்னென்ன கேக்கணும்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துடுங்க, தினமும் காலையில படிச்சிடறேன்."

அக்கா எழுதிக் கொடுக்கவில்லை. "கடையோட பக்கத்தை வைக்கக் கடல் தாண்டியும் வாடகைக்கு இடம் கிடைக்கும் டாக்டர், யோசிக்கிறதை மட்டும் அவங்கவங்க தலையிலதான் வச்சுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.