சைக்கிளுக்கும் நேரம் உண்டு

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனருக்கு உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும், முழங்கால் நீங்கலாக உங்கள் அக்காவும் நலம். அங்கு நீங்கள், தங்கச்சி, பிள்ளைகள், நான் உங்கள் தலையில் கட்டிய கார் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

ஒரு சந்தோஷச் செய்தி! ஆளுக்கொரு வண்டி வேண்டாம், எல்லோரும் பகிர்ந்து போகலாம் என்று அரசாங்கம் ஒரு கொள்கை போட்டதல்லவா, அந்தப் போக்குவரத்து மையம் எங்கள் தெருமுனைக்கே வந்துவிட்டது. குப்பை கொட்டிக்கிடந்த இடத்தில் இப்போது கூரை, பெஞ்சு, பஸ் நிறுத்தம், பகிர்வு வேன், போனைக் காட்டினால் பூட்டுத் திறக்கும் இருபது சைக்கிள்கள். முன்பெல்லாம் மகள் வீட்டுக்கு இரண்டு பஸ் மாறி, அதன் பிறகும் நடக்க வேண்டும். அந்த முழங்காலோடு உங்கள் அக்கா, பேத்தி பிறந்து இரண்டு மாதத்தில் இரண்டே தடவைதான் அவளைப் பார்த்தாள். இப்போது வேன் மகள் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் போய்க் குழந்தையைக் கொஞ்சிவிட்டு வருகிறாள், வந்த பிறகும் இரண்டு மணி நேரம் அதே பேச்சு. கொள்கை வந்த அன்றே காரை உங்களிடம் கொடுத்தபோது சிரித்தீர்களே மச்சான், இப்போது என் முறை, நான் சிரிக்கிறேன்.

ஆனால் இது மூன்று மாதச் சோதனைதானாம். ஒரு நாளைக்கு அறுபது பேராவது பயன்படுத்தினால் மையம் இங்கேயே இருக்கும், இல்லாவிட்டால் பிடுங்கி மார்க்கெட் பக்கம் கொண்டுபோய்விடுவார்கள். முதல் மாதம் நாற்பதைத் தாண்டவில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவனுக்குக் குறை தெரியாதா? வண்டி இருக்கிறது, அட்டவணை இல்லை! அன்றைக்கே பரணில் கிடந்த விசிலை எடுத்தேன், வருகிறவர் போகிறவரைக் குறிக்க ஒரு நீள நோட்டு வாங்கினேன், பத்து நிமிஷத்துக்கு ஒரு சைக்கிள் என்று அட்டவணை எழுதி ஒட்டினேன், காலை ஆறு மணிக்கெல்லாம் போய் நின்றுகொண்டேன். முதலில் என்னோடு வாதாடியவர் எங்கள் தெருப் பல் டாக்டரின் நர்ஸ்.

"சார், சைக்கிள்லேர்ந்து கைய எடுங்க, எனக்கு லேட் ஆகுது."

"உங்க வண்டி எட்டு நாப்பதுக்கும்மா. இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

"சைக்கிளுக்கு எதுக்கு சார் டைம்?"

"டைம் இல்லாம கிளம்பினா அதுக்குப் பேரு போக்குவரத்தாம்மா?"

அவர் நடந்தே போய்விட்டார். டியூஷன் வாத்தியாரும் தையல்காரரும் வந்தார்கள், என்னைப் பார்த்தார்கள், திரும்பிவிட்டார்கள். அடுத்த வாரம் கணக்கு இருபத்திரண்டு! உங்கள் அக்கா கையைப் பிசைந்துகொண்டு, "நீங்க சும்மா வீட்ல உக்காந்திருந்தாலே அது நாப்பதுல நின்னிருக்கும். என் பேத்தியை நான் எப்படிப் பாக்கிறது?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வி மட்டும் எனக்கு உறைத்தது, மறைக்கவில்லை.

கணக்கு ஏன் இறங்கியது என்று நேற்று பெண் அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். நான் நோட்டை நீட்டினேன். இரண்டு பக்கம் புரட்டியதும் அவர் கண் விரிந்துவிட்டது! "யார் போனாங்கன்னு எங்க கம்ப்யூட்டர்ல இருக்கு. யார் போக முடியாம திரும்பினாங்க, எங்க போகணும்னு வந்தாங்க, இதெல்லாம் எங்ககிட்ட இல்லவே இல்லையே சார்" என்றார். நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். மையம் இருக்குமா போகுமா என்று நாளையே முடிவு சொல்வார்களாம். எனக்கு ஒரு நாற்காலியும் தொப்பியும் நிச்சயம் என்று தோன்றுகிறது. ஆகவே மச்சான், நீங்களும் அந்தக் காரை விற்றுத் தொலையுங்கள். சொந்த வண்டி வைத்திருப்பவனுக்கு நிம்மதி ஏது? பிள்ளைகளுக்கு ஆசிகள், தங்கச்சிக்கு விசாரிப்புகள், உங்களுக்கு நல்ல புத்தி.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் முடிவு வந்துவிட்டது. திரும்பிப் போனவர்களும் தேவைக்குச் சாட்சியாம், அதனால் மையம் இங்கேயே இருக்கும்! காலை எட்டரைக்கு இன்னொரு வேனும் விடுகிறார்கள், என் நோட்டைப் பார்த்துத்தான். ஆனால் அந்த அம்மாள் மீதிப் பக்கங்களையும் படித்துவிட்டார். திரும்பிப் போனவர்கள் நூற்றுப் பதின்மூன்று பேர். அதில் தொண்ணூற்றொரு பேருக்கு நேராக, 'காரணம்: நேரம் ஆகவில்லை என்று நான் நிறுத்தினேன்' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பொய்ப் பதிவு எழுதிப் பழக்கமில்லையே! மறு உத்தரவு வரும்வரை நான் மையத்தைச் சுற்றிப் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாதாம். எனக்கு எதிராகத் தெருவே கையெழுத்துப் போட்ட மனு ஒன்றும் போயிருக்கிறது. பயணியாகவாவது வரலாமா என்று அதிகாரியிடம் கேட்டேன். "அவர் பயணியா இருக்க மாட்டார்மா" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல். மனுவில் முதல் கையெழுத்தும் அந்தக் குரலுக்குரியவளுடையதுதான். இதோ, இப்போதுகூட உங்கள் அக்கா வேனில் ஏறிப் பேத்தியைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கும் அந்தக் குழந்தை பேத்திதானே மச்சான்? காரைக் கொஞ்சம் அனுப்பிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு. ஒரு நிமிஷம் முன்பின் ஆகக் கூடாது.