திருப்பி எழுதிய அவசர ஊர்தி

அவசரம் என்ற சொல்லை அவ்வளவு நிதானமாகச் சொல்லக்கூடிய இன்னொரு மனிதர் இந்தப் பூமியில் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் இன்னும் சொல்லி முடித்திருக்க மாட்டார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எங்கள் தொழிற்சாலைக்குள் அவருக்குப் பெயர் 'அர்ஜெண்ட்'. "அர்... ஜெண்... ட்டு சார்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கேன்டீனில் வாங்கிய டீ ஆறிவிடும். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை.

நான் அங்கே சரக்கு அனுப்பும் பிரிவின் மேலாளர். அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். வழியில் நாய் படுத்திருந்தால் ஹாரன் அடிக்க மாட்டார். இறங்கிப் போய் நாயிடம் பேசுவார். நாய் யோசித்து முடிவெடுக்கும் வரை எங்கள் ஏற்றுமதி நின்றிருக்கும்.

"யோவ், கன்டெய்னர் வெயிட்டிங்ல நிக்குதுய்யா" என்று நான் கத்துவேன்.

"கத்தாதீங்க சார். அவசரம் உங்களுது. அத எனக்கும் குடுத்துட்டீங்கன்னா அப்புறம் ரெண்டு பேருக்கும் பேஜாரு."

இப்படிப்பட்டவர்தான், நான் ஓய்வு பெற்று வேப்பம்பட்டில் வீடு கட்டிக் குடியேறிய பிறகு, ஒருநாள் காலையில் ஒரு பழைய பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார். வந்தார் என்று சுலபமாக எழுதிவிட்டேன். தெருமுனையில் வண்டி திரும்புவதைப் பார்த்துவிட்டு நான் உள்ளே போய்க் குளித்துவிட்டு வந்தேன். அப்போதுதான் வாசலில் நின்றது.

"காண்ட்ராக்டரு மாறிட்டான் சார். புச்சா ஒரு பையனப் போட்டுக்கினான். அதான் நான் சொந்தமா பிசினஸ் ஆரம்பிக்கறேன்" என்றார்.

"என்ன பிசினஸ்?"

"அவசர சாமான் ஏத்தறது."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அர்ஜெண்ட் கோபித்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் இருக்கும் அவருடைய தங்கையின் மருமகன் வீடியோ காலில் இந்தத் தொழிலைப் பற்றிச் சொன்னானாம். அங்கே சின்ன வண்டி வைத்துக்கொண்டு அவசரச் சரக்கை மட்டும் ஏற்றுகிறார்களாம். 'ஹாட் ஷாட்' என்று பேராம்.

"ஒரு பேரிங்கு போயிடும் சார். மிஷினு நின்னுடும். அது நின்னா லைனே நிக்கும். பெரிய லாரிக்காரன் லோடு சேர்ற வரைக்கும் எடுக்க மாட்டான். நாம அந்த ஒரே ஒரு சாமான ஏத்திக்கினு போயி எறக்கறோம். அவசரம் இல்லாத சரக்கு நம்ம வண்டில ஏறாது."

"அவசரமா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"போன் பண்றவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேப்பேன். பக்கத்துல யாராச்சும் அழுவுறாங்களான்னு."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. கடைசி வரை அதுதான் அவருடைய ஒரே விதி. மிஷின் நின்றால் மெயின்டனன்ஸ்காரர்கள் முகம் எப்படிப் போகும் என்பதை ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்து அவர் ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறார். தொழிற்பேட்டையில் இந்த விதி பரவியதும், போன் செய்யும்போதே அழுவதற்கு ஒரு ஆளை அருகில் நிறுத்திக்கொள்ளும் கம்பெனிகளும் உண்டு. அவர் அதையும் கண்டுபிடித்துவிடுவார். "இது ஸ்டோர்ஸ்ல கீற ராஜி கொரலு. அவரு எதுக்கு அழுவப் போறாரு, அவருக்கு இன்னா நஷ்டம்? நாளைக்குப் பாக்கலாம் சார்" என்று வைத்துவிடுவார்.

அவர் மனைவி தொழிற்பேட்டைக் கேன்டீனில் சமைப்பவர். கணவரை முழுக்க அறிந்தவர். "தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒரு கம்பெனியாவது நிரந்தரமா கெடைக்கணும். இல்லன்னா வண்டிய வித்துட்டு கேட்டாண்ட வாட்ச்மேனா போய் குந்திக்க வேண்டியதுதான்" என்று கெடு வைத்துவிட்டார். அர்ஜெண்ட் அந்த வண்டியை மிகவும் நேசித்தார். ஸ்டீயரிங்கைத் துடைக்கும்போது யாருக்கோ முகம் துடைத்துவிடுவது போலத் துடைப்பார்.

தொழில் தொடங்கிய முதல் வாரமே சிக்கல் வந்தது. வண்டியின் முகப்பில் 'ஆட்டு ஷாட்டு' என்று எழுதி வைத்திருந்தார். 'ஹாட் ஷாட்' அவர் வாயில் அப்படித்தான் வந்தது. பெயிண்டர் கேட்டதை எழுதினான். கவரைப்பேட்டையில் ஒருவர் இரண்டு கிடாக்களைப் பிடித்துக்கொண்டு வந்து, "ஊத்துக்கோட்டை சந்தைக்கு இன்னா வாடகை நைனா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆடு ஏத்தறதில்லப்பா."

"அப்ப இன்னாத்துக்கு ஆட்டுன்னு எழுதிக்கினே?"

"ஆடு அழுவுதா?" என்று அர்ஜெண்ட் கேட்டாராம். ஆடு அந்த நேரம் பார்த்துக் கத்தியது. விதி விதிதானே. ஊத்துக்கோட்டைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

இனி வருவது என் பங்கு. தொழிற்சாலையில் ஆயுத பூஜை அழைப்பிதழ் முதல் கழிவறை அறிவிப்பு வரை நல்ல தமிழில் எழுதித் தந்தவன் நான். அந்தக் கர்வம் ஓய்வு பெறவில்லை. "ஆங்கிலமே வேண்டாம். 'அவசர ஊர்தி' என்று எழுது. அழகாக இருக்கும்" என்றேன்.

அவர் மனைவி தயங்கினார். "ஐயா, அது ஆம்புலன்ஸுல போடறதாச்சே?"

"அது வேறம்மா. ஆம்புலன்ஸ் என்பது மருத்துவ ஊர்தி. இது அவசர ஊர்தி. சொல்லாராய்ச்சி செய்தால் வேறுபாடு விளங்கும்" என்றேன். இந்த நாட்டில் எந்த ஆம்புலன்ஸும் சொல்லாராய்ச்சி செய்துவிட்டு ஓடவில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

பெயிண்டர் என் வீட்டு வாசலுக்கு வந்தான். பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுத் தூரிகையோடு நின்று, "சார், திருப்பி எழுதவா?" என்று கேட்டான்.

மறுபடியும் எழுதவா என்று கேட்கிறான் என நினைத்தேன். "திருப்பித்தான் எழுதணும். இதுல என்ன கேள்வி?" என்று சொல்லிவிட்டு நாஷ்டா சாப்பிட உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது, முன்னால் போகிறவர்கள் பக்கக் கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும்படி, எழுத்துகளை இடம் வலமாகத் திருப்பி, சிவப்புப் பெயிண்டில், அச்சு அசல் ஆம்புலன்ஸ் போலவே எழுதி முடித்திருந்தான். தொழில் தெரிந்தவன். அழிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் சொல் பிழையானது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். "பரவாயில்லை, எடுப்பாக இருக்கிறது" என்றேன்.

மறுநாளிலிருந்து நெடுஞ்சாலை அவருக்கு வழிவிட்டது. லாரிகள் ஒதுங்கின. பேருந்துகள் ஓரம் கட்டின. அர்ஜெண்ட் மட்டும் தன் வழக்கமான வேகத்தில், சைக்கிள்காரரிடம் நலம் விசாரித்துக்கொண்டே போனார். இங்கேதான் விபரீதம். இத்தனை மெதுவாகப் போகிற அவசர ஊர்தியைப் பார்த்தவர்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றியது. பின்னால் ஒரு கியர்பாக்ஸ். தூசி படாமலிருக்க அதன்மேல் வெள்ளை வேட்டி போர்த்தி, கயிறு கட்டியிருந்தார். பைக்கில் போனவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். ஒரு லாரிக்காரர் பக்கத்தில் வந்து, "வயசானவரா நைனா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ரொம்பப் பழசு. இனிமே ஓடாதுன்னுதான் சொன்னாங்க. ரிப்பேர் பண்ணி எடுத்துக்கினு போறேன்" என்றார் அர்ஜெண்ட்.

ஒரு சிக்னலில் பூக்காரம்மா ஒருவர் முழங்கையளவு மாலையை வேட்டியின்மேல் வைத்துக் கும்பிட்டார். காசு வாங்கவில்லை. மாலையோடு வந்து இறங்கிய கியர்பாக்ஸைப் பார்த்த கம்பெனி முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "வெள்ளிக்கிழமையாச்சேன்னு பூஜை போட்டே கொண்டாந்திருக்கார்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் நிரந்தரமாக யாரும் அமையவில்லை. தீபாவளி நெருங்கியது. அப்போதுதான் எங்கள் பழைய தொழிற்சாலையில் ஒரு முக்கியமான ஷாஃப்ட் உடைந்தது. அம்பத்தூர்ப் பட்டறையில் சரிசெய்து, அன்றைக்கே கொண்டு வர வேண்டும். புதிய மெயின்டனன்ஸ் மேனேஜரிடம் நான் பேசிச் சிபாரிசு செய்தேன். "இன்னைக்கு ஒழுங்கா வந்துட்டா, இனிமே எங்க அவசரமெல்லாம் அவருக்கே" என்று அந்தத் தம்பி சொன்னார். சிபாரிசு செய்தவன் என்ற பொறுப்பில் நானும் ரயிலேறி அம்பத்தூர் போய் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

கவரைப்பேட்டைக்குச் சற்று முன்னால் காவல் துறையினர் வழிமறித்தார்கள். இன்ஸ்பெக்டர் புதியவர். முதலில் என்னைத்தான் பார்த்தார். காற்றுக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நான் கண்ணை மூடியிருந்தேன்.

"பெரியவருக்கு என்ன?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல சார். சும்மா கூட வராரு."

"அப்ப பேஷண்ட் எங்க?"

"பின்னால சார்."

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டு வேட்டியை விலக்கினார். எண்ணெய் பூசிய இரும்புத் தண்டு ஒன்று படுத்திருந்தது. தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இதுக்கு எதுக்குய்யா அவசர ஊர்தி?"

"இதுக்குத்தான் சார் அவசரம்."

"நக்கலா? எவன்யா இத எழுதுனது? கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பி வேற எழுதி வச்சிருக்கான். நல்லாப் படிச்ச எவனோதான் திட்டம் போட்டு எழுதியிருக்கான்."

நான் எழுதச் சொன்னது என்று சொல்லியிருக்க வேண்டும். ஓய்வு பெற்ற அதிகாரி, தவறு என்னுடையது, உடனே அழித்துவிடுகிறோம் என்று ஒரு வாக்கியம். அது தொண்டை வரை வந்து இருமலாக வெளியே போனது. அர்ஜெண்ட் ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரிடம், "நான்தான் சார் எழுதினேன். தமிழ் நமக்கு அவ்ளோவா வராது" என்றார்.

வண்டியோடு காவல் நிலையத்துக்குப் போனோம். எனக்கு நாற்காலி போட்டார்கள். அவர் நின்றார். "வயசானவர லிஃப்ட் குடுக்கறேன்னு ஏத்திக்கினு வந்து, பேஷண்ட் மாதிரி காட்டிக்கினு வர்றியா?" என்று இன்ஸ்பெக்டர் அவரைத் திட்டினார். என் பக்கம் திரும்பி, "அப்படித்தானே பெரியவரே?" என்றார். தலையை ஆட்டினேன். தலையாட்டுவது பொய் பேசுவதில் சேராது என்று அந்த நேரத்தில் எனக்கு ஒரு சொல்லாராய்ச்சி தோன்றியது. எனக்கு டீ வந்தது. குடித்தேன்.

அர்ஜெண்ட்டின் போன் அடித்தது. மேனேஜர்.

"ஸ்டேஷன்ல கீறேன் சார்... ஆமா சார், கவரைப்பேட்டை ஸ்டேஷன்தான்."

மேனேஜர் நேராகக் கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்குப் போய்விட்டார். ஒரு பிளாட்பாரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடி, ஷாஃப்ட் பார்சலில் வந்ததா என்று கேட்டு, சமோசா விற்பவரிடமும் விசாரித்துவிட்டு, கடைசியில் காவல் நிலையத்துக்கு வந்தார். சட்டை நனைந்திருந்தது. டை முதுகுப் பக்கம் போயிருந்தது. வாசலில் நின்ற வண்டியில் ஷாஃப்டைப் பார்த்ததும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினார். உண்மையான அழுகை.

"யாருய்யா இவரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நீங்க கேட்டீங்களே சார், பேஷண்டு. இவருதான்" என்றார் அர்ஜெண்ட்.

இன்ஸ்பெக்டர் மேனேஜரைச் சற்று நேரம் பார்த்தார். அவருக்கும் மேலதிகாரிகள் உண்டு; அந்த அழுகை அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "அவசரங்கறத அழிச்சுட்டு எடுத்துக்கினு போ" என்றார்.

அர்ஜெண்ட் தின்னரும் பழந்துணியும் எடுத்து அழிக்கத் தொடங்கினார். ஓர் எழுத்தை அழிப்பார். தள்ளி நின்று பார்ப்பார். அடுத்த எழுத்தின் அருகே போவார். பொறுக்க முடியாமல் மேனேஜரே துணியைப் பிடுங்கி, சட்டையெல்லாம் சிவப்பாகத் தேய்த்து முடித்தார். நான் கொடுத்த சொல்லை யாரோ இருவர் அழித்துக்கொண்டிருக்க, நான் நாற்காலியில் இருந்தேன்.

வேலை கிடைக்காது என்றுதான் நினைத்தேன். கிடைத்தது. அன்று மேனேஜர் பயத்தில் இன்னும் பல வண்டிக்காரர்களுக்குப் போன் செய்திருக்கிறார். ஒவ்வொருவரும் "தோ, வந்துக்கினே இருக்கேன் சார்" என்றிருக்கிறார்கள். ஒருவரும் கிளம்பவில்லை. "எங்க இருக்கேன்னு உண்மையச் சொன்ன ஒரே டிரைவர் இவர்தான். போலீஸ் ஸ்டேஷன்னு முழுசாச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்" என்றார்.

திரும்பும் வழியில் வெகுதூரம் வந்த பிறகு அர்ஜெண்ட், "ஸ்டேஷன்ல டீ நல்லா இருந்துச்சா சார்?" என்று கேட்டார். இன்று வரை அவர் அதைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான்.

தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் பேச்சே எழாத மகிழ்ச்சியில் அவர் மனைவி எனக்கு அதிரசம் வைத்தார். "அன்னைக்கு ஸ்டேஷன்ல நான்..." என்று தொடங்கினேன்.

"இது அவசரமா சார்?"

"இல்லப்பா."

"அப்ப மெதுவா சொல்லலாம். அதிரசம் துண்ணுங்க."

அந்த வாக்கியத்தை நான் இன்னும் முடிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. எழுத்தில் முடித்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வண்டி முகப்பில் இப்போது 'ஊர்தி' மட்டும், திருப்பியபடியே இருக்கிறது. ஆந்திர எல்லைப் பக்கம் போனால் அதைத் தமிழ் என்கிறார்கள். தமிழர்கள் தெலுங்கு என்கிறார்கள். தொழில் நன்றாக நடக்கிறது. விதியும் மாறவில்லை: யாராவது அழ வேண்டும், இல்லையென்றால் வண்டி வராது. மாதம் ஒருமுறை மட்டும் வேப்பம்பட்டில் என் வீட்டு வாசலுக்கு வந்து, இருக்கையில் அந்த வெள்ளை வேட்டியை விரித்து, கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒரு பழைய சரக்கை, யாரும் அழாமலே ஏற்றிக்கொண்டு போகிறார்.